கதவு மூடுகிறது, லிஃப்ட் ஓடுகிறது. பூட்டு பிடித்திருக்கிறதா? ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் லிஃப்ட் பார்ப்பவர்கள் கவனத்துக்கு

பாம்பன்_மெக்கானிக் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இருபது வருடமாக லிஃப்ட் வேலை பார்க்கிறேன். ராமேஸ்வரத்து லாட்ஜுகள், ராமநாதபுரத்தில் ஒன்றிரண்டு ஆஸ்பத்திரி, கீழக்கரையில் வீட்டு லிஃப்ட் என்று இந்தக் கரையைச் சுற்றியே என் பிழைப்பு. போன வாரம் பார்த்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான்கு மாடி லாட்ஜ். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது, புகார் கிடையாது. ஒரு பட்டன் மாற்றத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து மூன்றாவது மாடியில் நிற்கும்போது, கேபின் கீழே இருந்தது. மூடியிருந்த லேண்டிங் கதவின் (மாடி வாசலில் இருக்கும் வெளிக்கதவு) கீழ் மூலையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். இது என் வழக்கம். கதவின் அடிப்பக்கம் அப்படியே உள்ளே போனது. நான்கு விரல் நுழையும் சந்து. அந்தச் சந்து வழியாக ஷாஃப்டின் (லிஃப்ட் ஏறி இறங்கும் குழி) காற்று என் காலில் அடித்தது.

மெயினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கதவுப் பலகையின் அடியில் இரண்டு நைலான் ஷூ (வழிகாட்டும் கட்டை) சில்லின் (வாசலடித் தகட்டின்) பள்ளத்துக்குள் ஓட வேண்டும். ஒன்று இல்லவே இல்லை. அதைப் பிடித்திருந்த இரும்புத் தகடு துருவேறி இலை இலையாக உரிந்து தொங்கியது. இன்னொன்று தேய்ந்து புளியங்கொட்டைத் தோல் கனத்துக்கு வந்திருந்தது. பள்ளத்தில் பாதிக்கு மேல் மணல். சும்மா மணல் இல்லை, உப்போடு சேர்ந்து உறைந்த மணல், ஸ்க்ரூடிரைவரால் கொத்தித்தான் எடுக்க முடிந்தது.

எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டாம். அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, பலர் ஈரத்துணியோடு அறைக்கு வந்துதான் மாற்றுகிறார்கள். சேலை சொட்டுகிற இடம் லிஃப்ட் வாசல். காலில் ஒட்டிய மணல் உதிர்கிற இடமும் அதுதான்.

அப்படியும் லிஃப்ட் ஏன் ஓடியது? பூட்டும் கான்டாக்டும் (கதவு பூட்டியதைக் காட்டும் சுவிட்ச்) கதவின் தலையில் இருக்கின்றன. மேலே கொக்கி விழுந்து கான்டாக்ட் சேர்ந்தால் கன்ட்ரோலர் ‘கதவு சரி’ என்று எடுத்துக்கொள்ளும். அடியில் ஷூ இருக்கிறதா என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. ஒரு குழந்தை ஓடிவந்து மோதினாலோ, பெட்டியோடு ஒருவர் சாய்ந்தாலோ அந்தப் பலகை உள்ளே விலகும், ஆள் ஷாஃப்டுக்குள். இதைத்தான் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்: லிஃப்ட் ஓடுகிறது என்பது கரன்ட் சுற்று முடிந்ததற்குச் சாட்சி, கதவு தாங்கும் என்பதற்குச் சாட்சி இல்லை.

சன்னதித்தெரு_லாட்ஜ்

படித்ததும் வயிறு கலங்கிவிட்டது, அண்ணே. எங்களிடமும் ஒரு லிஃப்ட் இருக்கிறது. மாதம் ஒரு தடவை ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்த) ஆள் வருவார், மேலே ஏறி இறங்குவார், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தெரியாது. ஷாஃப்டைத் திறக்காமல், என்னைப் போன்ற மேனேஜர் வெளியில் நின்றபடி என்ன பார்க்கலாம்?

பாம்பன்_மெக்கானிக்

நல்ல கேள்வி தம்பி. முதலில் ஒன்று. முக்கோணச் சாவி உங்கள் மேசை டிராயரில் இருந்தால், அதைப் பூட்டி வையுங்கள். ரூம் பையன் கையில் அது போகவே கூடாது. அந்தச் சாவியால் கதவைத் திறந்து, கேபின் இருக்கிறது என்று நம்பிக் காலை வைத்தவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு.

வெளியில் நின்றே நிறையப் பார்க்கலாம். ஒவ்வொரு மாடியிலும் மூடிய கதவின் கீழ் இரண்டு மூலையையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். முழு உடம்பையும் சாய்க்க வேண்டாம், ஒரு காலைப் பின்னால் ஊன்றி நின்று கையால் மட்டும் அழுத்துங்கள். லேசான ஆட்டம் இருக்கும், அது பரவாயில்லை. ‘லொடக்’ என்று உள்ளே போனால் அன்றே அந்த மாடி வாசலை அடைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் சந்து. பலகைக்கும் சட்டத்துக்கும், பலகைக்கும் சில்லுக்கும் நடுவே புதிதில் 6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், தேய்ந்த பிறகும் 10 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. இது ஐரோப்பிய விதி இ.என். 81-20 சொல்லும் கணக்கு. நம் நாட்டில் 2022-இல் வந்த ஐ.எஸ். 17900-ம் அதே வழியில் போகிறது. சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தால் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

பூட்டிய கதவைத் திறக்கும் பக்கமாக, அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தும் பாருங்கள். அதே விதிப்படி 150 நியூட்டன், அதாவது சுமார் 15 கிலோ விசைக்குப் பக்கவாட்டுக் கதவு 30 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது. நடுவில் பிரியும் கதவு என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 45 மி.மீ. அதற்கு மேல் போனால் மேலே ரோலரோ, இரண்டு பலகையை இணைக்கும் கயிறோ தளர்ந்திருக்கிறது.

காதையும் பயன்படுத்துங்கள். கதவு மூடும்போது கடைசியில் ‘டிக்’ என்று ஒரே சத்தம் வர வேண்டும். ‘டிக்... டிக்’ என்று இரண்டு தடவை வந்தால் கொக்கி விழுந்து துள்ளுகிறது. மணலை அரைக்கிற ‘கர்கர்’ சத்தம் எல்லோருக்கும் கேட்கும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

தங்கச்சிமடம்_ஐடிஐ

அண்ணே, நான் ஏழு மாதமாக ஹெல்பர். பூட்டு 7 மி.மீ. பிடிக்க வேண்டும் என்று சீனியர் சொன்னார். கதவை மூடிக் கொக்கியைப் பார்த்தால் 9, 10 இருக்கிறது. அப்படியானால் எல்லாம் சரிதானே? தேய்மானம் எங்கே ஒளிந்திருக்கும்?

பாம்பன்_மெக்கானிக்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள் தம்பி. விதி கேட்பது கதவு மூடி ஓய்ந்த பிறகு எத்தனை மி.மீ. என்பதை அல்ல. கான்டாக்ட் சேர்கிற அந்த நொடியில், கொக்கி ஏற்கெனவே 7 மி.மீ. உள்ளே இருந்தாக வேண்டும். அதற்கு முன் லிஃப்ட் நகரக் கூடாது.

பார்க்கிற விதம் இதுதான். கார் டாப்பில் (கேபினின் கூரை மேல்) நின்று, இன்ஸ்பெக்‌ஷன் மோடில் (மெதுவாக மட்டும் நகரும் பராமரிப்பு நிலை) போட்டு, ஸ்டாப் பட்டனை அழுத்தி, மெயினையும் நிறுத்திவிட்டு ஆரம்பி. கான்டாக்டின் ஒரு வயரைக் கழற்று, மல்டிமீட்டரைச் சத்தம் போடும் நிலையில் வைத்து இரண்டு முனையிலும் பிடி. பூட்டிய கொக்கியை விரலால் மயிரிழை மயிரிழையாகத் தூக்கு. மீட்டர் சத்தம் எங்கே நிற்கிறதோ அங்கேயே பிடித்துக்கொள். அந்த நிலையில் கொக்கி இன்னும் எத்தனை மி.மீ. பிடித்திருக்கிறது என்று அள. அதுதான் உண்மையான கணக்கு. ஓய்ந்த நிலையில் 10 காட்டிய ஒரு பூட்டு இந்தச் சோதனையில் 3 காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். யாரோ கான்டாக்டை வளைத்துக் கிட்டே கொண்டுவந்திருந்தார்கள், அடிக்கடி ட்ரிப் ஆகிறது (லிஃப்ட் தானாக நின்றுவிடுகிறது) என்பதற்காக. ட்ரிப் நின்றது, பாதுகாப்பும் போனது.

முடிந்ததும் கழற்றின வயரைத் திரும்ப மாட்டு. மாட்டியதை நோட்டில் எழுது. நினைவை நம்பாதே.

இனி, தேய்மானம் ஒளியும் இடங்கள். கொக்கி சுழலும் அச்சாணியும் (பின்), அதைச் சுற்றியிருக்கும் வளையமும் (புஷ்) ஒன்று. கொக்கியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார், ஆட்டம் இருந்தால் புஷ் போயிருக்கும். நேராகப் பார்க்கும்போது அது தெரியவே தெரியாது. பூட்டுத் திறக்கும் ரப்பர் ரோலர் இன்னொன்று. நம் காற்றில் ரப்பர் மேலே பளபளவென்று இருக்கும், நகத்தால் அழுத்தினால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ரோலர் ஒரு பக்கம் தேய்ந்து, கேபினின் கேமுக்கும் (ரோலரைத் தள்ளிப் பூட்டைத் திறக்கும் தகடு) அதற்கும் நடுவே இடைவெளி மாறினால், லிஃப்ட் அந்த மாடியைக் கடந்து போகும்போதே கேம் லேசாக உரசிக் கொக்கியைத் தூக்கும். நடுவழியில் ‘டக்’ என்று நின்று தானாக மறுபடி ஓடுகிறது என்று புகார் வந்தால், பாதி நேரம் இதுதான். கன்ட்ரோலர் கார்டை மாற்ற ஆரம்பிக்காதே, அந்த மாடி ரோலரைப் போய்ப் பார்.

கான்டாக்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே. மேலே இருக்கிற வெள்ளிப் பூச்சு போய்விடும், அப்புறம் ஒரே கச்சான் காற்றில் பச்சைப் பூத்துவிடும். கருகிப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்று.

ராம்நாடு_கான்ட்ராக்டர்

எல்லாம் சரி ஐயா. ஆனால் நடைமுறையில் ஒரு கதவு சில்லில் உரசினால் ஹேங்கரில் (கதவுப் பலகை மேலே தொங்கும் சட்டம்) ஒரு வாஷர் போட்டுப் பலகையைத் தூக்கிவிடுவோம், சில்லில் கொஞ்சம் கிரீஸ் தடவுவோம், சத்தம் நின்றுவிடும். ஓனர் மொத்தமாக ரோலர் மாற்றக் காசு தர மாட்டார். இதில் என்ன தப்பு?

பாம்பன்_மெக்கானிக்

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. இந்த ஒரு விஷயத்தில் உறுதியாக மறுக்கிறேன்.

கதவு உரசியது ஏன்? மேலே ஹேங்கர் ரோலர் தேய்ந்து பலகை கீழே இறங்கியது. வாஷர் போட்டுத் தூக்கினால் உரசல் நிற்கும், ஆனால் தேய்ந்த ரோலர் அங்கேயே இருக்கிறது. அதோடு, பலகையைத் தூக்கிய அளவுக்கு அடியில் ஷூவும் பள்ளத்தை விட்டு மேலே ஏறுகிறது. ஏற்கெனவே நுனி தேய்ந்த ஷூ என்றால் பிடிமானம் இன்னும் குறையும். பூட்டின் கொக்கியும் அதே ஹேங்கரில்தான் இருக்கிறது, அதன் எதிர்ப்பிடி சட்டத்தில் அசையாமல் இருக்கிறது. ரோலர் தேய்ந்து ஹேங்கர் இறங்கினால் கொக்கியின் கணக்கும் மாறும், பலகையை மட்டும் தூக்கும் வாஷர் அதைச் சரி செய்யாது. வாஷர் போட்ட பிறகு பூட்டை அளந்தீர்களா என்பதுதான் என் கேள்வி.

ஹேங்கரின் கீழே ஒரு எக்சென்ட்ரிக் ரோலர் இருக்கும், கதவு தண்டவாளத்தை விட்டு மேலே எழும்பாமல் தடுப்பது அதுதான். அதற்கும் தண்டவாளத்துக்கும் நடுவே தயாரிப்பாளர் சொன்ன சிறு இடைவெளிதான் இருக்கலாம், பெரும்பாலும் அரை மி.மீ.க்கும் கீழே. இங்கே ஒரு கட்டை விரல் தடிமனுக்குச் சந்து பார்த்திருக்கிறேன். கீழே இருந்து கதவைத் தூக்கினால் மொத்தமாகக் கழன்று வரும்.

கிரீஸ் விஷயம்: சில் பள்ளத்தில் கிரீஸ் தடவினால் மணல் அதில் ஒட்டி, கல்லில் மாவு அரைப்பதுபோல் நைலானை அரைத்துத் தின்றுவிடும். சில்லுக்குத் தேவை பிரஷ்ஷும் வாக்யூமும், கடைசியில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியும்தான். உப்பைத் தண்ணீர்தான் கரைக்கும், கிரீஸ் கரைக்காது.

மண்டபம்_முகாம்

நான் லிஃப்ட் ஆள் இல்லை, துருப் பிரச்சினை தெரிந்தவன். மண்டபத்தில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் பிரிவு ஒன்று இருக்கிறது. கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க இந்தக் கரை அவ்வளவு தோதான இடம்.

சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாக நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். ராத்திரியிலும் அதிகாலையிலும் கடலோரத்தில் அந்த அளவைத் தொடுவது சாதாரணம். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் உங்கள் பூட்டின் மேல் தினமும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் உட்கார்ந்து எழுகிறது.

கதவு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்பதால் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். சாதாரண 304 வகை கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும், மாலிப்டினம் கலந்த 316 கொஞ்சம் தாங்கும். அதைவிடப் பெரிய விஷயம், முகத்துக்குத்தான் எஸ்.எஸ்., முதுகில் இருக்கும் பிராக்கெட், போல்ட், வாஷர் எல்லாம் பெரும்பாலும் சாதாரண இரும்பு. எஸ்.எஸ்.ஸோடு ஒட்டி ஈரத்தில் இருக்கும் இரும்பு போல்ட் தனியாக இருப்பதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கு எஸ்.எஸ். கம்பியும் பாலிசிலாக்ஸேன் என்ற துரு தடுக்கும் பூச்சும் போட்டது இதே காற்றை நினைத்துத்தான். அதற்கு அவ்வளவு கவனம் என்றால், தினமும் குழந்தைகள் நிற்கும் கதவுக்கும் கொஞ்சம் கவனம் வேண்டும்.

கீழக்கரை_மேலத்தெரு

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் வீட்டில் உம்மாவுக்கு முழங்கால் முடியாது, அதனால் லிஃப்ட் வைத்தோம். மடக்குக் கிரில் கதவு உள்ள பழைய வகை. நடந்ததை எழுதுகிறேன்.

போன வருடம் லிஃப்ட் அடிக்கடி நின்றது. வந்த ஆள் கதவுக் கான்டாக்ட் போய்விட்டது, பார்ட் வந்ததும் மாற்றுகிறேன் என்று சொல்லி, ஒரு துண்டு வயரைச் சொருகி ஓட வைத்துவிட்டுப் போனார். எங்களுக்கு அது என்னவென்று தெரியாது, ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டோம். ஒன்பதாம் நாள் என் தங்கை மகன், ஐந்து வயது, உள்ளே நின்று கிரிலைத் திறந்தான். லிஃப்ட் நிற்கவில்லை, ஏறிக்கொண்டே இருந்தது. சுவர் அவன் கண்ணெதிரே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. உம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். அல்லாஹ்வின் கிருபை, ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து உம்மா படியில்தான் ஏறுகிறார், உட்கார்ந்து உட்கார்ந்து.

கீழக்கரை_எலக்ட்ரீஷியன்

வஅலைக்கும் ஸலாம் லாத்தா. படிக்கவே கை நடுங்குகிறது. அந்த வயருக்கு எங்கள் ஆட்கள் ஜம்பர் என்பார்கள். கோளாறு கண்டுபிடிக்கிற சில நிமிடங்களுக்கு, ஆள் யாரும் ஏறாமல், மெக்கானிக் கண் முன்னால் மட்டும்தான் அதைப் போடலாம். போட்டுவிட்டு வீட்டாரிடம் லிஃப்டைக் கொடுப்பது பெரும் குற்றம். பார்ட் வரும்வரை லிஃப்டை நிறுத்துவதுதான் ஒரே வழி.

நான் ஜம்பருக்கென்று சிவப்பு நிறத்தில் ஒரு முழ நீள வயர் இரண்டு வைத்திருக்கிறேன், இரண்டிலும் எண் ஒட்டியிருக்கும். வேலை முடிந்து பையில் இரண்டும் இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் மெயினைப் போடுவேன்.

லாத்தா, மடக்குக் கிரிலை மாற்றி மூடிய தானியங்கிக் கதவு போட முடியுமா என்று பாருங்கள். அதுவரை ஒவ்வொரு மாதமும் ஒரு சோதனை. லிஃப்ட் ஓடும்போது கிரிலை விரற்கடை அளவு திறந்தால் உடனே நிற்க வேண்டும். பெரியவர் ஒருவர் மட்டும் உள்ளே நின்று செய்ய வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் கூடாது. தமிழ்நாடு லிஃப்ட் சட்டம் 1997-இலேயே வந்துவிட்டது. உரிமம் மின் ஆய்வுத் துறையிடம் வாங்க வேண்டும். வீட்டு லிஃப்ட்தானே என்று சிலர் அந்தப் பக்கமே போவதில்லை. போங்கள், ஒரு வெளிக் கண் பார்ப்பது நல்லது.

தங்கச்சிமடம்_ஐடிஐ

கதவில் சென்சார் கர்ட்டன் (குறுக்கே எதுவும் வந்தால் கதவைத் திறக்கும் ஒளித்திரை) இருந்தால் கை, கால் மாட்டாதுதானே காக்கா?

கீழக்கரை_எலக்ட்ரீஷியன்

அதை நம்பி இருக்காதே தம்பி. அது சுமார் 50 மி.மீ. கனமுள்ள பொருளைக் கண்டுபிடிக்கத்தான் விதி கேட்கிறது. ஈரச் சேலை முந்தானை, வேட்டி நுனி, பையின் வார் இதெல்லாம் அதன் கண்ணில் படாமல் போகலாம். கண்ணாடிப் பட்டையில் உப்புப் படிந்தால் தேவையில்லாமல் கதவு திறந்து திறந்து மூடும், உடனே யாராவது கனெக்டரைப் பிடுங்கிவிடுவார்கள். ஈரத்துணியால் துடைத்தாலே பாதி சரியாகும்.

கர்ட்டன் தோற்றாலும் கதவு மூடும் விசை 150 நியூட்டனைத் தாண்டக் கூடாது. முறையாக அளக்க ஃபோர்ஸ் கேஜ் வேண்டும். என்னிடம் அது வருவதற்கு முன்னால், மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசைக் கொக்கியில் மாட்டிக் கதவைப் பாதி வழியில் இழுத்து நிறுத்திப் பார்ப்பேன். 15 கிலோவுக்கு மேல் காட்டினால் மோட்டார் செட்டிங்கையோ உரசலையோ தேடுவேன். ரிஜிஸ்டரில் எழுதத் தராசுக் கணக்கு போதாது, சந்தேகத்தைக் கிளப்பப் போதும்.

சன்னதித்தெரு_லாட்ஜ்

அண்ணே, திரும்பி வந்துவிட்டேன். நேற்று ஏ.எம்.சி. ஆளைக் கூப்பிட்டு, இந்த இழையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூடவே நின்றேன். முதலில் அவருக்குக் கோபம், அப்புறம் அவரே ஆர்வமாகிவிட்டார்.

கீழ்மாடி ஷூ நன்றாக இருந்தது. இரண்டாவது மாடியில் மூலையை அழுத்தினால் ஆடியது, கழற்றினால் நைலான் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தது. எதிர்பாராதது நான்காவது மாடி. அவர் கார் டாப்பில் நின்று கதவை ஒரு சாண் திறந்து விட்டார். தானாக மூடியிருக்க வேண்டும். பாதியில் நின்றுவிட்டது. கதவைத் தானாக இழுத்து மூடும் எடைக்கட்டி ஓடும் குழாய்க்குள் துரு பொங்கிப் பிடித்திருக்கிறது. லிஃப்ட் அந்த மாடியில் நிற்கும்போது கேபின் கதவே அதையும் சேர்த்து இழுத்து மூடிவிடுவதால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை.

அந்த மாடியின் வாசலில் பலகை அடித்து அடைத்துவிட்டோம். லிஃப்டையும் நிறுத்தியாகிவிட்டது. ஆடி அமாவாசைக்கு எல்லா அறையும் புக் ஆகியிருக்கிறது, முதலாளி கொஞ்சம் கத்தினார். மூன்றாவது மாடிக் கதவு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வயதானவர்களைக் கீழ் அறைகளுக்கு மாற்றுகிறோம்.

பாம்பன்_மெக்கானிக்

ரொம்ப நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி. எடைக்கட்டிக் குழாயைச் சுரண்டி எண்ணெய் விட்டு முடித்துவிட விடாதீர்கள், குழாயையே மாற்றச் சொல்லுங்கள். உள்ளே துரு ஆரம்பித்த இடம் மறுபடி பொங்கும். மாற்றிய பிறகு கதவை ஒரு விரற்கடை, ஒரு சாண், முழுத் திறப்பு என்று மூன்று இடத்திலிருந்தும் விட்டுப் பார்க்க வேண்டும். மூன்றிலும் தானாக மூடிக் கொக்கி விழ வேண்டும். கடைசி விரற்கடையில்தான் பெரும்பாலும் சோர்ந்து நிற்கும், ஏனென்றால் அங்கே பூட்டையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது.

கழற்றிய பழைய ஷூவைத் தூக்கிப் போட வேண்டாம். மாடி எண்ணையும் தேதியையும் பெயின்டில் எழுதி மெஷின் ரூமில் ஆணியில் மாட்டி வையுங்கள். அடுத்த முறை கழற்றுவதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் லாட்ஜில் ஒரு ஷூ எத்தனை மாதம் தாங்குகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வாசலில் கால் துடைக்கத் தடித்த கயிற்று மிதியடி போட்டு, தினமும் மாலையில் அதை உதறச் சொல்லுங்கள்.

புதன்கிழமை ராமேஸ்வரத்தில் ஒரு வேலை இருக்கிறது. முடித்துவிட்டு வருகிறேன், உங்கள் ஆளும் இருக்கட்டும். நான்கு மாடிப் பூட்டையும் மீட்டர் வைத்து ஒன்றாக அளந்துவிடலாம்.